நிற்காத கறுப்பு வண்டி

ஜெர்மன் சண்டை முடிந்து நாலைந்து வருஷங்கள் ஆகியிருக்கும். ஆம்பூரில் தோல் பதனிடும் இடத்தை ஷாப்பு என்றுதான் சொல்வார்கள். அப்படி ஒரு ஷாப்பில், ஆவாரம்பட்டை அடுக்கிய கிடங்கின் மூலையில் நான் படுத்து எழுந்துகொண்டிருந்தேன். பட்டைக் குவியல் கதகதப்பாக இருக்கும். மழைக்காலத்தில் அதைவிட நல்ல படுக்கை எனக்கு எங்கேயும் கிடைத்ததில்லை.

நான் வேலூரில் மிஷன் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்போடு நின்றவன். பிறகு கோலார் தங்கச் சுரங்கம், ரங்கூனில் அரிசி மில், சண்டை வந்தபோது பஸ்ராவில் பட்டாளத்து மோட்டார் சைக்கிள்களைக் கழற்றி மாட்டும் கொட்டகை என்று சுற்றினேன். ஊர் திரும்பியபோது விஷக்காய்ச்சலில் வீட்டில் எல்லோரும் போய்விட்டிருந்தார்கள். வேறு யாரோ குடியிருந்தார்கள். வாசலில் நின்று தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். மோட்டார் சைக்கிள் வேலை மட்டும் கையில் இருந்தது. ஆனால் அந்தப் பக்கத்தில் அப்போது மோட்டார் சைக்கிளே அபூர்வம்.

ஷாப்பு முதலாளி சின்ன வயசுக்காரர். தகப்பனார் இறந்ததும் பொறுப்புக்கு வந்தவர். சந்தைகளுக்குத் தோல் வாங்கப் போகிற ஆள் மாட்டு வண்டியில் போய்ச் சேர்வதற்குள் மற்றக் கம்பெனிக்காரர்கள் நல்ல தோலை அள்ளிக்கொண்டு போய்விடுகிறார்கள் என்பது அவருடைய கவலை. ஒரு மோட்டார் சைக்கிள் வாங்குவது என்று தீர்மானித்தார். மூன்று கடைக்காரர்கள் ஆளுக்கொரு வண்டியை ஓட்டிப் பார்க்கக் கொடுத்திருந்தார்கள்.

என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "எது ஒடம்புக்கு நோவாம போவுது, எது வழியில நிக்காம போவுது, கெட்டுப்போனா எந்தக் கடைக்காரன் வந்து கவனிக்கிறான். மூணையும் ஓட்டிப் பாத்துச் சொல்லு. சரியாச் சொன்னா வாங்கற வண்டிய நீயே ஓட்டு."

"சரியாச் சொல்லலேன்னா?"

"பட்டை வெக்க எனக்கும் எடம் வேணும்யா," என்று சிரித்தார்.

சிரிப்போடு சொன்னாலும் விஷயம் அதுதான். வண்டி சரியாக அமைந்தால் எனக்கு ஒரு இடம் உண்டு. இல்லாவிட்டால் மறுபடியும் ரோடு.

என் பின்னால் உட்கார்ந்து வரவேண்டியவர் தோல் பார்க்கிறவர். அவரை எல்லோரும் பாய் என்பார்கள். முதலாளி மட்டும் சித்தப்பா முறை வைத்துச் சாச்சா என்பார். முதலாளியின் தகப்பனார் காலத்து ஆள். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். ஆட்டுத் தோலை விரித்துப்போட்டு, கண்ணை முக்கால்வாசி மூடிக்கொண்டு உள்ளங்கையால் ஒரு தரம், விரல் நுனியால் ஒரு தரம் தடவுவார். மயிரோடு இருக்கும் தோலில், அம்மை வடு எங்கே, உண்ணி கடித்த இடம் எங்கே, உரித்தவன் கத்தி எங்கே இறங்கியிருக்கிறது என்று சொல்லிவிடுவார். கண்ணுக்குத் தெரியாதது சுண்ணாம்புக் குழியில் மயிர் கழிந்த பிறகுதான் வெளியே வரும். பாய் எடுத்த தோலில் அப்படி ஒன்று வெளியே வந்ததில்லை என்று சந்தைகளில் பேச்சு.

முதல் நாள் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்.

"இன்னா தம்பி, இந்தப் பட்பட்டி மேல குந்தினா திரும்பி வருவமா? வீட்ல வெள்ளைப் பொடவை எடுத்து வெக்கச் சொல்லிட்டுத்தான் வந்தேன்."

"புடிச்சிக்கினு உக்காருங்க பாய். விழ மாட்டீங்க."

"விழறதப்பத்தி யாரு சொன்னா? நீ விழுந்தா நான் எங்க போறது?"

எனக்கும் அவருக்கும் ஒரு ஏற்பாடு. ஓடும்போது சத்தத்தில் பேச்சு கேட்காது. வலது தோளில் ஒரு தட்டுத் தட்டினால் நிறுத்த வேண்டும். இரண்டு தோளிலும் கை வைத்தால் மெதுவாகப் போக வேண்டும். மற்ற நேரம் பின் இருக்கையை ஒட்டி இருந்த இரும்புப் பிடியை அவர் இரண்டு கையாலும் பற்றிக்கொள்வார்.

சாம்பல் நிறப் பெட்ரோல் டாங்கி வைத்த வண்டியை முதலில் எடுத்தோம். இங்கிலீஷ் வண்டி. சங்கிலி கிடையாது, பின் சக்கரத்துக்குத் தோல் பட்டைதான். லேசான வண்டி. வழுக்கினால் காலை ஊன்றிக்கொள்ளலாம், மணலில் சிக்கினால் இரண்டு பேர் தூக்கி வைத்துவிடலாம். ஆனால் தூறல் விழுந்தால் பட்டை நழுவும். மேட்டில் இறங்கித் தள்ள வேண்டும். பட்டை அறுந்தது ஒரு நாள். பெங்களூர்க் கடைக்காரர் நல்ல மனுஷர், ரயிலேறி ஸ்பானர் பெட்டியோடு தானே வந்தார், ஆனால் பட்டையைக் கொண்டுவர மறந்துவிட்டார். பாய் விழுந்து விழுந்து சிரித்தார். "தோல் ஊருக்கு வந்துட்டு பெல்ட்டு இல்லேன்னு நிக்கறியே" என்று சொல்லி, எருமைத் தோலில் முதுகுப் பக்கமாகப் பார்த்து எடுத்து, ஷாப்பில் அறுக்கிறவனிடம் கொடுத்து ஒரு பட்டை செய்து மாட்டவைத்தார். கம்பெனிப் பட்டையைவிட அது நன்றாக உழைத்தது.

அந்த வண்டி விரிஞ்சிபுரத்துக்குக் கிட்டே ஒரு புளியமரத்தடியில் தவறாமல் நிற்கும். ஏன் அந்த இடம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நான் குந்தி எதையாவது கழற்றுவேன். பாய் மரத்தில் சாய்ந்துகொண்டு இரண்டு கையையும் விரித்து மூடி, விரித்து மூடிச் சோம்பல் முறிப்பார். தன் மகள் வாணியம்பாடியில் வாக்கப்பட்ட கதை, மருமகனுடைய குறட்டை, பழைய முதலாளியின் கோபம் எல்லாம் அந்த மரத்தடியில்தான் கேட்டேன். பஸ்ராவில் ஈச்சம்பழம் எப்படி இருக்கும் என்று என்னைக் கேட்பார். இரண்டு நாள் கழித்து மறுபடியும் கேட்பார். நானும் மறுபடியும் சொல்வேன். ஒருவர் என்னிடம் அப்படி எதையாவது கேட்டு ரொம்ப வருஷம் ஆகியிருந்தது.

அடுத்தது பச்சை டாங்கி. அமெரிக்கா வண்டி, இரட்டைச் சிலிண்டர். தூளியில் உட்கார்ந்த மாதிரி இருக்கும். பாய் ஒரு தரம் என் முதுகில் தலை சாய்த்துத் தூங்கியே போனார். ஆனால் கனம் யானைக் கனம். பள்ளிகொண்டாவில் பாலாற்று மணலைத் தாண்டிக் குடியாத்தம் பக்கம் போகப் பார்த்தோம். நடு ஆற்றில் புதைந்து, மாடு பூட்டித்தான் இழுக்க வேண்டியிருந்தது. வண்டிக்காரன், "பெட்ரோல் ஊத்தினா போவாதா சாமி, புல்லு போட்டாதான் போவுமா?" என்று கேட்டான். பிறகு கிளச்சுக் கம்பி அறுந்தது. சென்னைக் கடைக்கு எழுதிப்போட்டோம். கல்கத்தாவுக்கு எழுதியிருக்கிறோம், கப்பல் வந்ததும் தெரிவிக்கிறோம் என்று பதில் வந்தது. வண்டி ஷாப்பு மூலையில் கோழி அடையப் பயன்பட்டது. கடைசியில் கம்பி வந்தபோது அது வேறு அளவு.

இப்படி நின்று நின்று போனதில் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டாகிவிட்டது. வேலூரில் ஒரு காபி ஹோட்டலில் எங்கள் மேல் அடித்த தோல் வாசனைக்கு உள்ளே உட்காரக் கூடாது என்றார்கள். எனக்கு அது புதிதில்லை. வெளியே சுவரோரம் நின்று குடிப்பேன். பாய் சால்வை போட்ட மனுஷர், அவரை மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள். "உள்ள புழுக்கம் ஜாஸ்தி. நான் என் தோஸ்த்கூட காத்து வாங்கறேன்" என்று டம்ளரை வாங்கிக்கொண்டு வெளியே வந்து என் பக்கத்தில் நின்றார்.

மூன்றாவது கறுப்பு டாங்கி. இதுவும் இங்கிலீஷ் வண்டிதான். ஒற்றைச் சிலிண்டர், சங்கிலி. இந்தக் கம்பெனிக்கு வேலூரிலேயே ஒரு சைக்கிள் கடைக்காரர் ஏஜெண்டு. பிளக், வால்வு, கம்பி எல்லாம் டப்பாவில் போட்டு வைத்திருந்தார். இல்லாததை எழுதிப்போட்டால் மறு ரயிலில் வரவழைத்துவிடுவார். வண்டியும் அப்படித்தான். உதைத்தால் கிளம்பும், கிளம்பினால் போகும். மேடு, மழை, மணல் எதுவும் அதற்கு ஒரு பொருட்டில்லை. ஒரே குறை, ஒவ்வொரு இடியும் சட்டம் வழியாக ஏறி எலும்புக்கு வரும். எனக்குப் பட்டாளத்து வண்டிகளில் பழகிய உடம்பு, நான் அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

ஆற்காட்டுக்கு அப்பால் ஒரு சந்தை. விடியற்காலையில் ஆம்பூரில் உதைத்த வண்டி சந்தை வாசலில்தான் நின்றது. புளியமரத்தைத் தாண்டும்போது நான் ஒரு நொடி கைப்பிடியைத் தளர்த்திப் பார்த்தேன். வண்டி நிற்கிற எண்ணத்தில் இல்லை. பாயும் தோளில் தட்டவில்லை. அந்த வேகத்தில் பிடியிலிருந்து கையை எடுக்கவே பயமாக இருந்தது என்று அவர் பிற்பாடுதான் சொன்னார்.

இறங்கியதும் கையை உதறினார். வாயருகே வைத்து ஊதினார். "கொஞ்சம் டீத்தண்ணி குடிச்சிட்டுப் போலாம் தம்பி" என்றார். அதற்குள் இன்னொரு கம்பெனி ஆள் எதிரே வந்துகொண்டிருந்தார். பாய் நேராகத் தோல் குவியலுக்குப் போய்விட்டார். கண்ணை மூடித் தடவினார். வழக்கத்தைவிட அதிக நேரம் தடவினார். அங்கே விலை பேசுவது துண்டுக்கு அடியில். விற்கிறவன் துண்டுக்குள் விரலைப் பிடித்து அழுத்திக் காட்டுவான், வாங்குகிறவர் பதிலுக்கு அழுத்துவார், பக்கத்தில் நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. அன்றைக்குப் பாய், "இன்னொரு தபா புடி" என்றார். மறுபடியும், "இன்னொரு தபா" என்றார். வியாபாரி ஒரு மாதிரியாகப் பார்த்தான். நானும் பார்த்தேன்.

தோல் எல்லாவற்றையும் கட்டுக் கட்டாகக் கட்டி, ஒவ்வொரு கட்டுக்கும் தன்னுடைய முடிச்சைப் போட்டார். பாய் முடிச்சு என்று அதற்குப் பெயர். அவிழ்த்தால் திரும்ப அதே மாதிரி போட மற்றவர்களுக்கு வராது. பிறகு பகல் தொழுகைக்குப் போனார். மாட்டு வண்டி வரும்வரை கட்டுகளுக்குக் காவலாக இருந்தது நான் ஒருவன்தான்.

அந்தத் தோல் ஷாப்புக்கு வந்து, ஊறி, சுண்ணாம்புக் குழியில் இறங்கி, மயிர் கழிந்தது. அன்று வெள்ளிக்கிழமை. பாய் பள்ளிவாசலுக்குப் போயிருந்தார். குழிக்காரர்கள் ஒவ்வொரு தோலாக எடுத்துக் கட்டை மேல் போடப்போட எல்லோரும் கூடிவிட்டார்கள். அம்மை வடு, உண்ணிப் புள்ளி, கத்தி வெட்டு. நல்லது எது என்று தேடவேண்டியிருந்தது.

கணக்குப்பிள்ளைதான் முதலில் பேசினார்.

"ரங்கூனு, பஸ்ரான்னு சுத்தினவனுக்கு ஆற்காட்டுல தோல மாத்தறது கஷ்டமா? பாய் தொழப் போனப்ப கட்டுகிட்ட இருந்தது யாரு? இவன் ஊரு எது, ஒறவு எது, கேக்க நாதி உண்டா?"

முதலாளி என்னைப் பார்த்தார். "இன்னாய்யா, மாத்தினியா?"

"இல்லீங்க. நான் தொடல."

"அப்போ சாச்சா கை தப்பிப்போச்சுன்றியா?"

அவர் கையை உதறியதையும், துண்டுக்குள் திரும்பத் திரும்பக் கேட்டதையும் சொல்லியிருக்கலாம். சொன்னால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள், அது ஒன்று. நம்பிவிட்டால் அதைவிட மோசம். அந்த மனுஷருக்கு அந்தக் கையைத் தவிர வேறு என்ன இருக்கிறது? எனக்கு ஒரு இடத்தைவிட்டுக் கிளம்புவது பழக்கமான காரியம். அவருக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

"திருட்டுப் பய" என்று யாரோ பின்னால் சொன்னார்கள். கிடங்குக்குப் போய்ப் படுக்கையைச் சுருட்டினேன். சுருட்ட அதிகம் ஒன்றும் இல்லை. வெளியே வரும்போது பாய் உள்ளே நுழைந்துகொண்டிருந்தார். பள்ளிவாசலிலேயே யாரோ விஷயத்தைச் சொல்லிவிட்டார்கள் போலிருக்கிறது, மூச்சு வாங்கிக்கொண்டு வந்தார். என் கையில் சுருட்டிய படுக்கையைப் பார்த்தார். "எங்க கெளம்பிட்ட? வா இப்படி" என்று கையைப் பிடித்துக் குழியண்டை இழுத்துக்கொண்டு போனார்.

ஈரத் தோல்களில் ஒவ்வொன்றாகக் கையை வைத்தார். கண்ணை மூடவில்லை. வடுக்களை எல்லோரையும் போலக் கண்ணால்தான் பார்த்தார். பிறகு மூலையில் கிடந்த கயிறுகளை எடுத்தார்.

"கட்டப் பிரிச்சது யாரு?"

"நான்தான் பாய்," என்றான் குழிக்காரன். "உங்க முடிச்சுதான், அவுக்க வராம அறுத்தேன்."

பாய் அறுபட்ட கயிற்றை முதலாளிக்கு முன்னால் போட்டார். முடிச்சுகள் அப்படியே இருந்தன.

"என் கட்டு. என் முடிச்சு. நடுவுல எவனும் தொடல. தப்பு இந்தக் கைது மொதலாளி." இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினார். "அன்னிக்கு வண்டியவிட்டு எறங்கினப்ப கையில உசுரே இல்ல. துணியா தோலான்னே தெரியல. எதிர்ல அந்தக் கம்பெனிக்காரன் வந்துட்டான். கை மரத்துப்போச்சுன்னு சொல்ல வெக்கமாப் பூட்ச்சி. எடுத்துட்டேன்."

குழியில் கோலால் கலக்கிக்கொண்டிருந்தவர்கள்கூடக் கலக்குவதை நிறுத்திவிட்டார்கள். பாடுகிறவன் சபையில் எழுந்து தொண்டை போய்விட்டது என்று சொன்ன மாதிரி இருந்தது.

முதலாளி மெதுவாகச் சொன்னார்: "சாச்சா, இத தனியா வந்து எங்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"இவன திருடன்னு தனியாவா சொன்னீங்க? எல்லார் எதிர்லயும்தானே சொன்னீங்க?"

கணக்குப்பிள்ளை அப்போதே உள்ளே போய்விட்டார். முதலாளி குனிந்து அந்தக் கயிற்றை எடுத்துச் சுருட்டினார். பிறகு என் பக்கம் திரும்பி, பேச்சை மாற்றுகிறவர் போல, "சரி, எந்த வண்டி?" என்றார்.

நான் பச்சை என்றேன். பச்சை டாங்கியில் போனால் பாயின் கை பிழைக்கும். அதுதான் என் மனதில் இருந்தது.

பாய் சிரித்துவிட்டார். "கோழி முட்டை வெச்ச வண்டியா? தோ பாரு தம்பி, விக்கிறவன் மேல கோவம்னு தோல கொறை சொல்லக்கூடாது, சிநேகம்னு தோலத் தூக்கியும் சொல்லக்கூடாது. வண்டியும் அப்படித்தான். என் கை மரத்ததுக்கு அது இன்னா பண்ணும்? கறுப்பு நிக்காம போச்சா?"

"போச்சு."

"கெட்டா வேலூர்ல ஆள் இருக்கானா?"

"இருக்கான்."

"அப்பறம் இன்னா? அதையே வாங்குங்க மொதலாளி."

அதையே வாங்கினார்கள். எனக்கு வேலை நிலைத்தது. பட்டைக் கிடங்குக்குப் பக்கத்தில் ஒரு அறையும் கொடுத்தார்கள். பாயின் கை இரண்டொரு நாளில் முன்போலவே ஆகிவிட்டது. பெயர்தான் பழையபடி ஆகவில்லை. "பாய் கை போய்ட்டுதாமே" என்று நான் போகிற சந்தையிலெல்லாம் என்னிடமே கேட்டார்கள். நான் இல்லை இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். நான் சொல்லி என்ன ஆகும்? முதலாளி அவரை வெளியூர் அனுப்புவதை நிறுத்திவிட்டார். ஷாப்பிலேயே உட்கார்ந்து காய்ந்த தோலைப் பெரிசு சிறிசு பிரிக்கிற வேலை. ஆற்காட்டிலேயே வேறொரு ஆளைத் தோல் பார்க்க வைத்துவிட்டார்கள். மாதிரித் தோலும் தகவலும் கொண்டுபோய்க் கொண்டுவருவது மட்டும் என் வேலை. பின் இருக்கைக்கு ஆள் தேவைப்படவில்லை.

பின்னால் ஆள் இல்லாவிட்டால் அந்த வண்டி துள்ளும். பள்ளத்துக்குப் பள்ளம் பின் சக்கரம் எழும்பி விழும். அதற்காக ஒரு சின்ன உப்பு மூட்டையை இருக்கையில் கட்டிக்கொண்டேன். வண்டி படிந்து ஓடியது. பாயிடம் சொன்னபோது, "என்னவிட அது நல்ல ஆளு, பயப்படாது" என்றார். பிறகு, "பஸ்ராவுல ஈச்சம்பழம் எப்படி இருக்கும்னு சொன்ன?" என்று கேட்டார். சொன்னேன். அதற்குப் பிறகு எங்களுக்குப் பேச நேரம் குறைந்துபோனது. நான் போகும்போது அவர் வந்திருக்க மாட்டார், வரும்போது போயிருப்பார். ஒரு மழைக்காலத்தில் சென்னைக்குப் போய்த் திரும்பியபோது, மகளோடு இருக்க வாணியம்பாடிக்குப் போய்விட்டார் என்றார்கள். அடுத்த வருஷம் நானும் அந்த இடத்தை விட்டுக் கிளம்பினேன். யாரும் போகச் சொல்லவில்லை. கணக்குத் தீர்த்தபோது சம்பளப் பாக்கிக்கு ஈடாகக் கறுப்பு வண்டி எனக்கு வந்தது.

அதற்குப் பிறகு எத்தனையோ வண்டிகளை ஓட்டியாயிற்று. எந்தக் கம்பெனி வண்டி நல்லது என்று கேட்பவர்களுக்கு, கறுப்பு டாங்கிதான், வழியில் நிற்காது, கெட்டால் கடைக்காரன் கிட்டத்திலேயே இருக்கிறான் என்று இன்றும் உள்ளதை உள்ளபடி சொல்கிறேன். ஆனால் விரிஞ்சிபுரத்துப் புளியமரத்தடிக்கு வரும்போது ஒரு கோளாறும் இல்லாத வண்டியை நானே நிறுத்திவிட்டு, தன் பெயரைக் கீழே வைத்து என் பெயரை எடுத்துக் கொடுத்த பாயின் கைகளைப் போல என் கையையும் கொஞ்ச நேரம் விரித்து மூடிப் பார்த்துவிட்டுத்தான் போகிறேன்.